அம்மா வள்ளம் ஏறிய மாசி

நம் பள்ளிக்கூடத் தோழர்களின் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒருத்தி படம் போட்டிருந்தாள். பாம்பனுக்குப் பக்கத்தில், அடியில் கண்ணாடி வைத்த படகில் ஏறி அரை மணி நேரம் பவளப்பாறை பார்த்துவிட்டு, ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையோடு சிரிக்கிறாள். 'ஐம்பத்தெட்டு வயசுல முதல் தடவை கடலுக்குள்ள போனேன்' என்று கீழே எழுதியிருந்தாள். ஜன்னலைத் திறந்தால் கடல் தெரிகிற பள்ளிக்கூடத்தில் ஐந்து வருடம் நம்மோடு படித்தவள். நானும் ஒரு சிரிப்புப் பொம்மையைத் தட்டிவிட்டு வேலையைப் பார்த்திருப்பேன். அதற்குள் நம் கடைசிப் பெஞ்சுக்காரன் கேட்டுவிட்டான்: 'நீ அஞ்சாம் வகுப்புல ரொம்ப நாள் வரலையே. அம்மை போட்டிருந்துச்சுன்னு டீச்சர்கிட்ட சொன்னியே, அது நிசந்தானா?'

நிசமில்லை. ஒரு தழும்புகூட இல்லாமல் வெயிலில் கறுத்துப்போய் வந்து நின்ற என் முகத்தைப் பார்த்ததுமே டீச்சருக்கும் அது தெரிந்திருக்கும். அவர் பெரிய மனதுக்காரர், விட்டுவிட்டார். நீங்கள் விடமாட்டீர்கள். அதனால் சொல்கிறேன். நீளமாக இருக்கிறது என்று கட்டைவிரல் படம் அனுப்பித் தப்பிக்காமல் முழுதாகப் படியுங்கள்.

என் அய்யாவுக்கு ஒரு வள்ளம் இருந்தது உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். மீன்பிடிக்கிற வள்ளம் இல்லை, பாய் கட்டி ஓட்டுகிற சின்னச் சரக்கு வள்ளம். அய்யாவும் சித்தப்பாவும் பாம்பனிலிருந்து கருவாடும் தேங்காயும் ஏற்றிக்கொண்டு, கரையோரமாகவே மேற்கே மூக்கையூர் வரைக்கும் போவார்கள். திரும்பும்போது சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டி வரும். அப்படிக் கருப்பட்டி எடுக்கப் போன இடத்தில்தான் அய்யா அம்மாவைப் பார்த்தார். பனையும் மானாவாரிக் காடும் வைத்திருந்த வீட்டுப் பெண். கடலைத் தூரத்தில் ஒரு கோடாகப் பார்த்ததோடு சரி.

எங்கள் தெருவில் பெண்கள் வள்ளத்தில் கால் வைக்க மாட்டார்கள். அந்தப் பாயில் பாதி ஒட்டு அம்மா கையால் தைத்தது. வெள்ளிக்கிழமை தவறாமல் வள்ளத்தின் முகப்புக்குச் சாம்பிராணி காட்டுவதும் அவள்தான். ஆனால் கரையில் நின்றுதான் காட்ட வேண்டும். ஏன் என்று நான் கேட்டபோது, அதெல்லாம் அப்படித்தான் என்றார்கள். பெரியவர்கள் தங்களுக்கே காரணம் தெரியாத இடங்களில் எல்லாம் இந்தப் பதிலைத்தான் வைத்திருந்தார்கள்.

அம்மாவுக்குக் கடற்கரை ஒத்துவரவில்லை என்பது தெருவுக்கே தெரிந்த விஷயம். வந்த புதிதில் இருந்த உடம்பில் பாதிகூட இல்லை என்பார்கள். அய்யா கடலுக்குப் போன நாட்களில் அவள் சாப்பிட மாட்டாள். வெயில் தாழ்ந்ததும் கரைக்குப் போய் நிற்பாள். வரவேண்டிய நாள் தாண்டிவிட்டால் பேச்சும் நின்றுவிடும். அந்த வருடம் அய்யா வீட்டில் இருந்த நாட்களிலும் அவள் அதிகம் பேசவில்லை.

மாசி மாதம். வாடைக்காற்று மூர்க்கம் குறைந்து, பாயைப் பின்னாலிருந்து பதமாகத் தள்ளுகிற அளவுக்கு வந்திருந்தது. ஒரு காலையில் அய்யா சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே சொன்னார்:

"ஒங்க அப்பன் வீட்டுக்குப் போவோம். பஸ்ஸு வேணாம், வள்ளத்துலயே போவோம். புள்ளையும் வரட்டும்."

அம்மா கையில் இருந்த சட்டியைக் கீழே வைத்தாள். "நானா? வள்ளத்துலயா?"

"ஆமா."

"தெருவுல என்ன சொல்லுவாக?"

"சொன்னா சொல்லிட்டுப் போறாக."

அவ்வளவுதான் பேச்சு. மறுநாள் அம்மா தலைக்குக் குளித்து, பெட்டியின் அடியில் இருந்த அரக்குச் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு வந்தாள். பலகை போட்டு ஏற்றினார்கள். தெருப் பெண்கள் தள்ளி நின்று பார்த்தார்கள். யாரும் வாழ்த்தவும் இல்லை, திட்டவும் இல்லை. அம்மா குனிந்து வள்ளத்தின் ஓரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே கால் வைத்தாள்.

வள்ளத்தில் குடித்தனம் என்பது நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை. விடியும்போதே சித்தப்பா, பலகை இடுக்கில் ஊறி அடியில் தேங்கிய தண்ணீரை டின்னால் இறைத்துக் கொட்டுவார். அந்தச் சத்தத்தில்தான் எழுந்திருப்போம். மண் நிரப்பிய மரப்பெட்டி, அதன்மேல் மூன்று கல், அதுதான் அடுப்பு. காற்று திரும்பினால் புகை முகத்துக்கு வரும், சாம்பல் குழம்புக்கு வரும். பெண் ஏறாத வள்ளம் என்பதால் ஒதுங்குவதற்கு மறைப்பே கிடையாது. முதல் நாள் மதியம் வரை அம்மா வாய் திறக்காமல் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, அய்யாதான் பழைய பாய்த்துணி ஒன்றைப் பின்பக்கம் கட்டிக் கொடுத்தார். ஆண்கள் இருவரும் முகப்பைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு தேவையே இல்லாமல் சத்தமாகக் காற்றைப் பற்றிப் பேசினார்கள்.

குடிக்கிற தண்ணீரை மிச்சம் பிடிக்க, அரிசியைக் கடல் தண்ணீரில் களைவார்கள். உலையிலும் கால் பங்கு கடல் தண்ணீர்தான். அம்மாவுக்கு அது தெரியும், சித்தப்பா சொல்லியிருந்தார். ஆனால் பத்து வருடத்துப் பழக்கத்தில் கை தானாகப் போய் ஒரு பிடி உப்பையும் அள்ளிப் போட்டுவிட்டது. அன்று யாரும் எதுவும் சொல்லாமல் தின்றோம். தின்ற பிறகு பானைத் தண்ணீரில் பாதி காலியானது.

"மதினியப் பேசாம உப்பளத்துல கட்டிக் குடுத்துருக்கலாம்" என்றார் சித்தப்பா.

அம்மா சிரித்தாள். சத்தம் வராமல் தோள் மட்டும் குலுங்குகிற சிரிப்பு. அவள் அப்படிச் சிரிப்பாள் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

மூன்றாம் நாள் சேதுக்கரையில் வள்ளத்தைக் கட்டினோம். திருப்புல்லாணிக் கோயிலுக்கு வந்தவர்கள் கூட்டமாகக் கடலில் முழுகிக்கொண்டிருந்தார்கள். அம்மாவும் அவர்களோடு முழுகப் போனாள். நான் வள்ளத்துக்குள் சாக்கின்மேல் படுத்துக் கிடந்தேன். தூங்குகிறேன் என்று நினைத்து வெளியே அய்யாவும் சித்தப்பாவும் பேசினார்கள்.

"மூக்கையூருல எறக்கி, அவுக வீட்டுல விட்டுட்டு வந்துருவேன்டா. ஒரேயடியா."

 "புள்ள?" என்றார் சித்தப்பா.

"அதுவும் ஆத்தாகூட இருக்கட்டும். நான் கருப்பட்டிக்கு வாரப்ப பாத்துக்கிறேன்."

"மதினிட்டச் சொல்லிட்டியாண்ணே?"

"அங்கன போயிச் சொல்லிக்கிறலாம். இப்பச் சொன்னா ஏறுவாளா? கடக்கரை அவளுக்கு ஆகலடா. பத்து வருசமா காஞ்சுக்கிட்டே வாரா. மண்ணுல பொறந்தவளக் கொண்டாந்து உப்புக்காத்துல நட்டு வச்சது எந் தப்பு. பஸ்ஸுல கொண்டுபோயி விட மனசு வரல. ஒரு தடவயாச்சும் வள்ளத்துல வரட்டும்னு நெனச்சேன்."

 கோபத்தில் விரட்டுகிறவர் இப்படிப் பேச மாட்டார் என்பது இன்று புரிகிறது. அன்று எனக்கு விளங்கியது ஒன்றே ஒன்றுதான். இன்னும் சில நாளில் எனக்கு அய்யா இல்லாமல் போகப் போகிறார். ஈரச் சேலையோடு திரும்பி வந்த அம்மா என் நெற்றியில் விபூதி பூசி, "ஏத்தா, எந்திரி, எவ்வளவு பேரு முழுகுறாக வந்து பாரு" என்றாள். நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் அது உண்மையாகிவிடும் என்று பயந்தேன்.

அதற்குப் பிறகு நான் பார்த்த கடலை எல்லாம் அந்தப் பயத்தோடுதான் பார்த்தேன். ஆனால் அந்தக் கடல் பயத்தையும் மறக்கடித்தது.

கீழக்கரை தாண்டிய மறுநாள் காற்று அடியோடு விழுந்துவிட்டது. பாய் தொங்கிப்போனது. கரைக்கும் எதிரே இருந்த சின்னத் தீவுக்கும் நடுவில் நின்றோம். நடுப்பகல் வெயில் நேராக உள்ளே இறங்கியதில் கடலின் அடி வரைக்கும் தெரிந்தது. எங்கள் வள்ளத்தின் நிழல் இரண்டு ஆள் ஆழத்துக்குக் கீழே மணலில் கிடந்தது. அந்த நிழலின் ஓரத்தில் இரண்டு தலைகளும் தெரிந்தன, ஒன்று என்னுடையது, ஒன்று அம்மாவுடையது. நான் கையை ஆட்டினேன், கீழே மணலில் கை ஆடியது. அந்தக் கையின்மேல் ஊதாப் புள்ளி போட்ட மீன் ஒன்று நீந்திப் போனது. 

அதன் பிறகு கடல்புல் வந்தது. வயல் வயலாகப் பச்சை. அம்மா குப்புறப் படுத்து, முகவாயை வள்ளத்தின் விளிம்பில் வைத்துக்கொண்டு பார்த்தாள். "எவ விதைச்சா இத" என்று தனக்குள்ளே கேட்டாள். நட்சத்திர மீன்கள் புல்லுக்கு நடுவே சிதறிக் கிடந்தன. சங்கு ஒன்று நடந்து போன தடம் மணலில் கோடாகத் தெரிந்தது. அந்தக் கடலில் ஆயிரம் தடவை போய்வந்த அய்யா, பாய்க் கயிற்றைப் பிடித்தபடி தூங்கிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் பக்கத்தில் பெருமூச்சு கேட்டது. மனிதர் விடுகிற மாதிரியே ஒரு பெருமூச்சு. திரும்பிப் பார்த்தால் வள்ளத்துக்கு நாலு முழம் தள்ளி ஒரு சாம்பல் நிற முதுகு. ஆவுளியா. கடல்பசு என்று புத்தகத்தில் போடுகிறார்களே, அதுதான். பக்கத்தில் ஒரு குட்டி. தாய் மூக்கை மட்டும் தண்ணீருக்கு மேலே நீட்டி மூச்சு வாங்கியது, குட்டியும் அதே மாதிரி நீட்டியது. பிறகு இரண்டும் எந்த அவசரமும் இல்லாமல் கீழே இறங்கிப் புல் மேயப் போய்விட்டன. மேய்ந்த இடத்தில் மணல் புகையாகக் கிளம்பியதுகூடத் தெரிந்தது.

அம்மாவின் விரல்கள் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தன. அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. விழித்துக்கொண்ட அய்யா அதைப் பார்த்தார்.

"பயப்படாத. அது ஒண்ணும் செய்யாது. இன்னும் நாலு நாள்தான், கரைக்குப் போயிரலாம்" என்றார்.

 அவர் பாயைச் சரிசெய்ய எழுந்து போன பிறகு, அம்மா என் காதோரம் குனிந்து சொன்னாள்:

"பத்து வருசமா இத எனக்குக் காட்டணும்னு உங்கய்யாவுக்கு இருந்துருக்கு பாரு. தெருவுக்குப் பயந்துக்கிட்டு இருந்துருக்காரு பாவம். இப்பத்தான் துணிச்சல் வந்துருக்கு."

 அவள் அதைப் பரிசாக நினைத்துக்கொண்டிருந்தாள். அவளை வழியனுப்புகிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஒன்பது, பத்து வயதில் ஒரு பிள்ளை அவ்வளவு கனத்தைத் தூக்கக் கூடாது. என் பேத்திகளை அந்த வயதில் பார்க்கும்போதெல்லாம் அதைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

ஏர்வாடி தர்கா நேராகத் தெரிந்த இடத்தில் அய்யா பாயைப் பாதி இறக்கினார். எந்தச் சாமி கும்பிடுகிறவன் வள்ளமானாலும் அங்கே பாயை இறக்கி, கொஞ்சம் சர்க்கரையைக் கடலில் தூவிவிட்டுத்தான் போவான் என்றார் சித்தப்பா. தூவுகிற சர்க்கரையை அய்யா அம்மாவின் கையில் கொடுத்தார். அவள் தூவிவிட்டு, விரல்களில் ஒட்டியிருந்ததை எனக்கு நக்கக் கொடுத்தாள். என்ன வேண்டிக்கொண்டாய் என்று கேட்டேன். "இதே மாதிரி திரும்பியும் வரணும்னு" என்றாள்.

அங்கிருந்து மேற்கே கொஞ்ச தூரத்தில் கரை சேர வேண்டும், தேங்காய் இறக்குவதற்கு. நடுவே தண்ணீருக்குள் நீளமாகப் பார் கிடக்கிறது, பவளப்பாறைத் திட்டு. அதில் ஓரிடத்தில் மட்டும் வள்ளம் நுழைகிற அகலத்துக்கு வழி உண்டு. அந்த வழியைக் கடலில் தேட முடியாது, கரையை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். கரையில் நிற்கிற ஒற்றைப் பனைக்கு நேர் பின்னால் உள்ளூர்ப் பள்ளிவாசல் மினார் வந்து ஒட்டி நிற்க வேண்டும். இரண்டும் ஒரே கோட்டில் தெரிந்தால் கண்ணை மூடிக்கொண்டு நேராக விடலாம். அய்யா இதை என்னிடம் பெருமையாக விளக்கினார்.

"அந்தப் பனையில ஒரு சித்திரையில நானும் ஒங்க சித்தப்பனும் நுங்கு வெட்டித் தின்னுருக்கோம். கொலைக்கு இருபது காயி."

ஒற்றைப் பனை தெரிந்தது. மினாரும் தெரிந்தது. அய்யா சுக்கானைத் திருப்பித் திருப்பி இரண்டையும் ஒன்றாக ஒட்ட வைத்தார். வள்ளம் நல்ல வேகத்தில் கரையை நோக்கிப் போனது. அம்மா நெற்றியில் கையை வைத்துக் கரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, அது நுங்கு காய்க்கிற பனை இல்லையே" என்றாள்.

அய்யா காதில் வாங்கவில்லை. "நீ உள்ள உக்காரு, பாய் திரும்பும்."

"அலகுப் பனைங்க அது. ஆம்பளப் பனை. பாளை விரல் விரலாத் தொங்குது பாருங்க. அதுல எங்கன நுங்கு காய்க்கும்? நீங்க தின்னது வேற பனை."

சித்தப்பாதான் முதலில் எழுந்தார். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "அண்ணே, பாய எறக்கு" என்றார். அய்யா இறக்கினார். வள்ளம் வேகம் தணிந்து மிதந்தது. சித்தப்பா கம்பை எடுத்து முன்னால் குத்தினார். முழங்கை ஆழம்கூட இல்லை, கம்பு கல்லில் மோதி நின்றது. வள்ளத்தின் மூக்குக்கு இரண்டு பாகம், பன்னிரண்டு அடி தூரத்தில் பாரின் முதுகு பழுப்பாகத் தெரிந்தது. அதே வேகத்தில் போயிருந்தால் அடிப்பலகை பிளந்திருக்கும்.

கம்பால் ஊன்றிப் பின்வாங்கிக் கிழக்கே வந்தோம். அங்கே கரையில் வெட்டப்பட்ட பனையின் அடிமரம் மட்டும் மண்ணில் நின்றது. செங்கல் சூளைக்கு மரம் வெட்டியவர்கள் நுங்குப் பனையையும் வெட்டி, மேற்கே இருந்த பனங்கூட்டத்தையும் அழித்து, அதில் ஒன்றை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள். அய்யா பார்த்தது விட்டுவைத்த அந்த ஒன்றை. கடலில் ஒவ்வொரு கல்லையும் அறிந்தவருக்குப் பனை என்றால் எல்லாம் பனைதான்.

இதோடு அய்யாவுக்குப் புத்தி வந்திருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். அன்று சாயங்காலம் தேங்காய் இறக்கி முடித்த பிறகு, கரையில் உட்கார்ந்து அவர் சித்தப்பாவிடம் சொன்னது இது:

"பாத்தியாடா. கண்ணு முன்னால இம்புட்டுக் கடலு கெடக்கு. அவ கண்ணு பனையத்தான் தேடுது. நான் நெனச்சது சரிதான்."

சித்தப்பா அவரை ஒரு பார்வை பார்த்தார். அண்ணனை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாதவர், எழுந்து போய்விட்டார். எனக்கு அய்யாவை அடிக்க வேண்டும் போல இருந்தது. அன்பு இருந்தும் ஒரு மனிதர் இவ்வளவு தப்பாகப் பார்க்க முடியும் என்பதை நான் அதற்குப் பிறகு வாழ்க்கையில் நிறையப் பார்த்தேன், என்னிடமும்தான். முதலில் பார்த்தது அங்கே.

ஒன்பதாம் நாள் காலையில் மூக்கையூர். முந்தின நாள் நல்லதண்ணித் தீவைத் தாண்டும்போது ஓங்கில் கூட்டம், டால்பின் என்கிறோமே அதுதான், வள்ளத்துக்கு முன்னால் துள்ளித் துள்ளி வழிகாட்டிக்கொண்டு வந்தது. அம்மா அதை எண்ணி முடிக்க முடியாமல் விட்டுவிட்டாள். அதே சந்தோஷம் முகத்தில் இருக்கும்போதே கரை வந்துவிட்டது. நங்கூரத்தைப் போட்டு, இடுப்பளவு தண்ணீரில் சித்தப்பா என்னைத் தூக்கிக்கொண்டு நடந்தார். அய்யாவும் அம்மாவும் பின்னால் வந்தார்கள்.

மணலில் நின்று சேலையைப் பிழிந்துகொண்டே அம்மா கேட்டாள்: "எப்பத் திரும்புறோம்?"

அய்யா கடலைப் பார்த்தார், சித்தப்பாவைப் பார்த்தார், கடைசியில் மணலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். சேதுக்கரையில் சொன்னதையேதான் சொன்னார், இன்னும் கொஞ்சம் திக்கித் திக்கி. கடற்கரை ஆகவில்லை, காய்ந்துபோகிறாய், உன் மண்ணில் நீ நன்றாக இருப்பாய், புள்ளையும் இருக்கட்டும், நான் வந்து போய் இருப்பேன்.

 கேட்டு முடித்ததும் அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"ஒனக்குத் தெரியுமா?"

நான் தலையாட்டினேன்.

"எப்ப இருந்து?"

"சேதுக்கரையில இருந்து."

அவள் முகம் மாறியதை நான் இன்னும் மறக்கவில்லை. ஆவுளியாவைப் பார்த்த நேரம், சர்க்கரை தூவிய நேரம், ஓங்கில் எண்ணிய நேரம், எல்லாவற்றையும் அவள் மனதுக்குள் திரும்பப் போய்ப் பார்த்து வந்திருப்பாள் என்று நினைக்கிறேன். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. அய்யாவைப் பார்த்து, அடங்கிய குரலில் கேட்டாள்:

"என்னைய ஒரு வார்த்தை கேட்டீகளா?"

"நீ பேசாமயே நிக்கிறியே. தெனமும் கரையில போயி நின்னு நின்னு…"

"ஆமா, நின்னேன். பாயி தெரியுதா தெரியுதான்னு பத்து வருசம் நின்னேன். கரையில நிக்கத்தான் எனக்கு ஆகல. கடலு ஆகலன்னு நான் எப்பச் சொன்னேன்?"

  அம்மா சித்தப்பாவிடம் திரும்பினாள்.

"இதுக்கு மேக்க என்ன ஊரு?"

"வேம்பாரு, மதினி. அதுக்கு அங்கிட்டு தூத்துக்குடி."

"காத்து?"

சித்தப்பா முகத்தைக் காற்றுக்குக் கொடுத்துப் பார்த்தார். அவர் உதடு சிரிப்பை அடக்கியது. "நல்ல காத்துத்தான், மதினி."

"எங்க அப்பாவத் திரும்பி வாரப்பப் பாத்துக்கிறலாம்" என்றாள் அம்மா. பிழிந்த சேலையை மறுபடி தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினாள். அலை இடுப்பில் அடித்தது, நிற்காமல் நடந்தாள். வள்ளத்தை எட்டியதும் அதன் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எங்களைத் திரும்பிப் பார்க்காமல் நின்றாள். ஏறுவதற்கு அவளுக்கு உயரம் போதாது. யாராவது போய்த் தூக்கிவிட வேண்டும்.

அய்யா அசையாமல் நின்றார். பிறகு திடீரென்று ஓடினார். பிறந்ததிலிருந்து கடலில் கிடந்த மனிதர் முழங்கால் தண்ணீரில் கால் இடறி, முகம் குப்புற விழுந்து, எழுந்து, மறுபடியும் ஓடியதை நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.